உப்புக் காற்றில் எந்த லேத்? மரக்கடைசல் கேள்வி பதில்

மண்டபத்தில் என் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக மரம் கடைந்து வருகிறேன். சிக்கன விலையில் நம்பகமான மரலேத் வாங்குவது பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடம்: ஐயா, கிண்ணமும் பம்பரமும் கடைய ஆசை. 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். முழுவதையும் இயந்திரத்திலேயே போட்டுவிடலாமா?

கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். உளிகள், அவற்றைத் தீட்டும் கிரைண்டர், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை சக், முகம் முழுவதையும் மறைக்கும், ஊடுருவிப் பார்க்கக்கூடிய கவசம் ஆகியவை இல்லாத லேத், வலை இல்லாத வள்ளத்துக்குச் சமம். மீதிப் பணத்துக்கு வார்ப்பிரும்புப் படுகையும் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் நீண்ட அடிச்சட்டம்), வாரை மாற்றி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் படிப்புல்லியும் (படிப்படியாக அளவு மாறும் கப்பி), முழுவதும் மூடி வெளியே விசிறி வைத்த இண்டக்ஷன் மோட்டாரும் கொண்ட இயந்திரத்தைத் தேடுங்கள். அரை குதிரைத்திறன், அதாவது சுமார் 370 வாட், உங்கள் வேலைக்குப் போதும். விளம்பரத்தில் 750 வாட் என்று போட்டிருந்தாலும் மோட்டாரின் மேல் அடித்திருக்கும் தகட்டைப் படித்த பிறகே நம்புங்கள். தகரத்தை மடக்கிச் செய்த படுகையையும் இரட்டைக் குழாய்ப் படுகையையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கட்டை சற்றுக் கோணலாக இருந்தாலே அவை நடுங்கும், அந்த நடுக்கம் உளியின் வழியாக உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும்.

இன்னொன்று: பட்டறையில் தோளில் துண்டு கூடாது. இதை இன்றைக்கு இன்னும் சில முறை சொல்லுவேன்.

பாம்பன்: வார் மாற்றும் தொல்லை எதற்கு? திருகினால் வேகம் மாறும் இயந்திரங்கள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றனவே?

மதுரையில் இருந்தால் நானும் அதைத்தான் வாங்கச் சொல்லுவேன். என் முதல் இயந்திரம் அந்த வகைதான். இரண்டாவது கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு காலை பொத்தானை அழுத்தினேன், முனகல்கூட இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், கட்டுப்பாட்டுப் பலகையின் செம்புக் கோடுகள் எல்லாம் உப்புக் காற்றில் களிம்பேறிப் பச்சைப் பசேலென்று இருந்தன. விற்றவர் மாற்றுப் பலகைக்குச் சொன்ன விலையில் பாதி இயந்திரம் வாங்கலாம். படிப்புல்லியில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? வார் அறுந்தால் கடைவீதியில் புது வார் கிடைக்கும், கண்டென்சர் போனால் மோட்டார் கட்டும் கடையில் மாற்றித் தருவார்கள். வார் மாற்ற ஆகும் ஒரு நிமிடத்தில் உளியைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கீழக்கரை: 10×18 என்று போட்டிருக்கிறார்கள். அது எந்த அளவு?

முதல் எண், படுகையில் இடிக்காமல் சுழலக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது, இரு முனைகளுக்கும் இடையே மாட்டக்கூடிய கட்டையின் நீளம். உளித்தாங்கியின் அடிப்பகுதி சிறிது இடத்தை எடுத்துக்கொள்வதால் 10 அங்குல இயந்திரத்தில் 8 அங்குலக் கிண்ணமே சௌகரியம். சப்பாத்திக் கட்டைக்கு 18 அங்குலம் தாராளம், நீளமான கட்டில் காலுக்குப் போதாது.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. தலைப்பக்கத் தண்டின், அதாவது மோட்டார் சுழற்றும் அச்சின், மரை என்ன என்று கேளுங்கள். 33 மில்லிமீட்டர் தண்டில் 3.5 மில்லிமீட்டர் இடைவெளி மரை, அல்லது ஒரு அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு எட்டு மரை என்றால் பிற்பாடு பொருந்தும் சக் எளிதாகக் கிடைக்கும். கூர்முனை செருகும் உள்துளை இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பராக (சரிந்து குறுகும் துளைக்கான ஒரு தர அளவு) இருக்கட்டும். குறைந்தபட்ச வேகத்தையும் கேளுங்கள்: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கைக்கணக்கு. 8 அங்குலக் கட்டைக்கு அது 750-இல் தொடங்குகிறது; கோணல் மாணலான பச்சைக் கட்டையை அதற்கும் கீழே 500-இல் ஆரம்பிப்பதே நல்லது.

உச்சிப்புளி: வீட்டிலிருக்கும் ட்ரில் மிஷினைப் பொருத்திக் கடையும் சட்டம் வாங்கலாமா?

வேண்டாம். துளை போடும் இயந்திரத்தின் பேரிங், நேராக அழுத்தும் பாரத்துக்கானது. பக்கவாட்டில் இடிபடுவதற்கானது அல்ல.

ராமநாதபுரம்: கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறை ஒன்றில் மர அச்சு செய்யப் பயன்பட்ட பழைய லேத் விலைக்கு வருகிறது. நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி. வார்ப்படத் தொழில் நிறைந்த ஊர் என்பதால் அங்கே அச்சு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கனமான லேத்துகள் அவ்வப்போது வெளியே வரும். புதிய மலிவு இயந்திரத்தைவிட அவை பல மடங்கு உறுதியானவை. பெயின்ட் உரிந்திருப்பதையும் மேல்துருவையும் பொருட்படுத்தாதீர்கள். இரு பக்கமும் கூர்முனைகளைச் செருகி, எதிர்முனையில் நகரும் வால்பக்கத்தைத் தலைப்பக்கத்துக்கு நெருக்கமாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு கூர்களும் கண்ணாடியில் முகம் பார்ப்பது போல நேருக்கு நேர் நிற்க வேண்டும். பிறகு வாரைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் மாற்றிவிடலாம், அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆனால் பேரிங் உட்காரும் வீடே தேய்ந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கடைசியாக, அதிக வேகத்தில் ஓடவிட்டு, தலைப்பக்கத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தப் பாருங்கள். நின்றால் பேரம் பேசத் தொடங்கலாம். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் ஒற்றை ஃபேஸ் வீட்டு இணைப்பில் நேரடியாக ஓடாது, உங்கள் இணைப்பு அப்படியானால் ஒற்றை ஃபேஸ் மோட்டார் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும்போது துண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முதுகுளத்தூர்: எங்கள் பக்கம் சீமைக்கருவேலம்தான் கிடைக்கிறது. அது கரிமூட்டத்துக்குத்தானே உதவும்? கடைய நல்ல மரம் வாங்கத் தனியாகப் பணம் வேண்டுமே?

யார் சொன்னது? டெக்சாஸில் மெஸ்கீட் என்று தேடிப்பிடித்துக் கடைகிறார்களே, அது இதன் தாயாதி. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் மரக்குடும்பம், அதனால் கிண்ணம் அதிகம் கோணாது. வெளிமரம் வெளிர்மஞ்சள், வைரம் (நடுவில் இருக்கும் கெட்டிமரம்) செம்பழுப்பு. வெளிமரத்தைப் பூச்சி அரிக்கும் என்பதால் வைரத்தையே நம்புங்கள். உங்கள் அரை குதிரைத்திறன் மோட்டாருக்குக் காய்ந்த கட்டை கனத்த சோதனைதான். எனவே பச்சையாக இருக்கும்போதே கடையுங்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்படி விட்டு, சில மாதம் நிழலில் காயவைத்து மீண்டும் கடையுங்கள்.

தேவிபட்டினம்: நிலத்தைக் கெடுக்கிறது, அகற்றுங்கள் என்று நீதிமன்றமே சொன்ன மரத்தைப் புகழ்வது நியாயமா?

நடச் சொல்லவில்லை ஐயா, வெட்டியதைக் கடையச் சொல்லுகிறேன். அகற்றத்தான் வேண்டும் என்றால் அகற்றியதெல்லாம் கரியாகத்தான் போக வேண்டுமா?

தொண்டி: பூவரசு இருக்கும்போது இந்த முள்மரம் எதற்கு?

பூவரசுக்கு நான் எதிரியல்லன். ஹவாய்த் தீவுக்காரர்கள் அதே மரத்தில்தான் பரம்பரையாக உணவுக் கிண்ணம் செய்தார்கள். உளிக்கு அவ்வளவு இணக்கமான மரம். ஆனால் பூவரசை நிழலுக்காக வைத்திருப்பவர் வெட்டித் தருவாரா? காற்றில் ஒடிந்த கிளை கிடைத்தால் கொண்டாடுங்கள். பழகுகிறவன் நாற்பது கட்டைகளைப் பாழாக்குவான், அந்த நாற்பதும் முள்மரமாகவே இருக்கட்டும்.

தேவிபட்டினம் (மீண்டும்): அந்த முள் குத்தினால் வாரக்கணக்கில் வீங்குகிறதே?

உண்மை. அந்த வாதத்தில் நீங்கள் வென்றீர்கள். கிளையை முழுவதும் கழித்த பிறகே பட்டறைக்குள் கொண்டுவாருங்கள்.

பரமக்குடி: ஐயா, மரச்சண்டை போதும். 25,000 ரூபாய்க்கு எந்த லேத் நல்லது?

தங்கச்சிமடத்துக்காரருக்குச் சொன்ன பதிலில் 5,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். கழிப்பது இயந்திரத்தின் நீளத்திலிருந்து, உளிகளிலிருந்து அல்ல.

பெரியபட்டினம்: பனங்கட்டையில் கிண்ணம் வருமா?

வெளிப்புறம் இரும்பு நார், உட்புறம் சோறு. பழகிய பிறகு வாருங்கள்.

ஏர்வாடி: பெண்களும் கடையலாமா? கை காய்த்துப் போகாமல் கையுறை போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாகக் கடையலாம் அம்மா. இதில் பலத்தைவிட உளியின் கூரும் பிடிக்கும் கோணமுமே முக்கியம். கையுறை மட்டும் கூடவே கூடாது; சுழலும் கட்டை அதன் ஒரு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல், அகலக் கை, ஆண்களுக்கு வேட்டி, மறுபடியும் துண்டு, எல்லாவற்றுக்கும் அதே விதிதான். உப்புத்தாள் தேய்க்கும்போது உளித்தாங்கியைக் கழற்றிவிடுங்கள். பொத்தானை அழுத்தும் முன் கட்டையை ஒரு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது; முகமூடி அணியாமல் தேய்க்காதீர்கள்.

மரைக்காயர்பட்டினம்: வேகம் திருகி மாற்றும் லேத் நல்லதா?

பாம்பன் கேள்வியைப் பாருங்கள்.

வேதாளை: திருகும் லேத், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி?

பாம்பன் கேள்வியைப் பாருங்கள். காற்று அளவுநாடா வைத்துக்கொண்டு வருவதில்லை.

தேவிபட்டினம்: ஒரே ஒரு கேள்வி. வாங்கிவிட்டேன், வார்ப்பிரும்புப் படுகைதான். சீமைக்கருவேலம்தான் கடைந்தேன், ஒப்புக்கொள்கிறேன். காலையில் பார்த்தால் படுகையில் நீலக்கறுப்பாக வரிவரியாகக் கறை. இயந்திரத்தில் குறையா?

குறை இயந்திரத்தில் இல்லை. பச்சைச் சீவலை இரவு முழுவதும் படுகையின் மேல் விட்டிருக்கிறீர்கள். மரத்தின் துவர்ப்பும் ஈரமும் இரும்போடு சேர்ந்தால் மைபோல் கறுக்கும்; சீவல் உப்புக் காற்றின் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நுண்ணிய உப்புத்தாளில் மெஷின் ஆயில் விட்டு நீளவாக்கில் தேயுங்கள், துடைத்துவிட்டு மெழுகு பாலிஷ் போடுங்கள். இனி வேலை முடிந்ததும், கையில் இருக்கும் தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, முதலில் சீவலைக் கூட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடையுங்கள். அந்தத் துணிக்கு வேண்டுமானால் உங்கள் துண்டைக் கிழித்துக்கொள்ளலாம்.