நிம்மதி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 42. வேலை, குடும்பம், உடல்நலம் எதிலும் பெரிய குறை இல்லை. ஆனாலும் நிம்மதி இல்லை. இரவு படுத்தால் தலைக்குள் கூட்டம் கூடிவிடுகிறது. போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேலாளர் ‘நாளை பேசணும்’ என்று செய்தி அனுப்பினார். விடியும்வரை தூக்கமில்லை. என்ன தப்பு செய்தேன் என்று ஆறு மாத வேலையைப் புரட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் போனால், விடுப்புப் பட்டியல் விஷயம்! செயலி ஒன்றை வைத்துத் தியானம் பழகினேன். நடுவில் சில நாள் விட்டுப்போனது. அதிலிருந்து அதைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது. அக்காவுடன் பேசி ஒரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். மனதை அமைதியாக்க என்னதான் வழி? டைரி எழுதினால் உதவுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் செயலி. நிம்மதிக்காகத் தொடங்கிய ஒன்று, நீங்கள் பதில் சொல்ல வேண்டிய இரண்டாவது மேலாளராக ஆகிவிட்டது. தியானத்தை நான் குறை சொல்லவில்லை, பலருக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் அதற்கும் வருகைப்பதிவு வைத்துக்கொண்டு, விட்ட நாளுக்கு வெட்கப்படுவதாக இருந்தால் அழித்துவிடுங்கள். கண்ணை மூடி உட்கார செயலி தேவையில்லை.

தலைக்குள் கூடும் கூட்டத்தை விரட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அது நடக்காது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று சொன்னபோது, ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. படுக்கையில் புரண்டபடி ‘நினைக்காதே, தூங்கு’ என்று நமக்கு நாமே உத்தரவு போடுவதும் இதே கதைதான்.

அப்புறம் அந்த ‘நாளை பேசணும்’. எதைப் பற்றி, எத்தனை மணிக்கு என்று ஒன்றும் இல்லாத மொட்டைச் செய்தி. இரவு பதினொரு மணிக்கு இப்படி அனுப்புகிறவர்கள் அதோடு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். அன்று நீங்கள் விழித்துக் கிடந்ததற்கு உங்கள் மனதின் பலவீனத்தை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். இன்று எல்லா அமைதியின்மையும் நம் உள்ளே இருக்கும் கோளாறு என்று ஆகிவிட்டது. வெளியே சரிசெய்ய வேண்டியதற்கும் நாமே மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருக்கிறோம். மேலாளரிடம், ‘இரவில் செய்தி அனுப்பினால் விஷயத்தையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்’ என்று இயல்பாகக் கேட்கலாம். கேட்கிற மாதிரியான ஆள் இல்லை என்றால், இரவு செய்தியைத் திறக்காதீர்கள்.

திறந்துவிட்டீர்கள், சரி. அப்போதும் ஒன்று செய்யலாம். முடிக்காமல் கிடக்கும் வேலை மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதை மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவர் ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தவர்களுக்கு, வேலை முடியாமலேயே உறுத்தல் அடங்கியது. எனவே ஒரு தாளில் ‘காலை போனதும், பையை வைக்கும் முன் அவர் அறைக்குப் போய் என்ன விஷயம் என்று கேட்பது’ என்று எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று பொதுவாகச் சொன்னால் மனம் நம்பாது. இடமும் நேரமும் வேண்டும்.

சில கவலைகளுக்கு இப்படி அடுத்த அடி எதுவும் இருக்காது. அவற்றுக்கு 1983-இல் உளவியலாளர் பார்கோவெக்கும் அவருடைய குழுவினரும் சோதித்த ஒரு முறை உண்டு: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவது. மற்ற நேரத்தில் வந்தால் ‘அப்போது பார்க்கலாம்’ என்று தள்ளிவைப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கவலைப்படவே கூடாது என்பதைவிட மனம் இதற்குச் சீக்கிரம் ஒத்துக்கொள்ளும். படுக்கையை மட்டும் அந்த இடமாக வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மேலாளருக்கு நாலைந்து வரி, அக்காவுக்கு ஒரே வரி. எனக்கென்னவோ இந்தக் கணக்கு மாறியிருக்கிறது என்று படுகிறது. மேலாளர் விஷயம் மறுநாள் காலையே முடிந்துவிட்டது. அக்கா விஷயம் ஒரு வருடமாக அப்படியே கிடக்கிறது. என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதைத் தொடாமல் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று மட்டும் ஒரு செய்தி அனுப்ப முடியுமா பாருங்கள். பதில் வராமலும் போகலாம். சிலரிடம் விலகியிருப்பதுதான் நல்லது, உங்கள் அக்கா அந்த வகையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்படியென்றால் அதையும் முடிவாகவே எடுங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதுதான் ஆளைத் தின்கிறது.

பிள்ளைகள் மேல் வரும் எரிச்சலைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். பாதி தூக்கக்குறைவு. தூக்கம் சரியானால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், சோர்வாக, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

டைரி உதவும். தினமும் எழுத வேண்டியதில்லை. 1986-இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைத் தங்கள் வாழ்க்கையின் மிக வேதனையான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், அவ்வளவுதான். நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் முன்பைவிட வருத்தமாகத்தான் இருந்தார்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால் முதல் நாளே டைரியை மூடிவிடாதீர்கள். தூங்கப் போகும் நேரத்தில் எழுதாமல், மாலையிலேயே எழுதிவிடுங்கள்.