தூது போவதை நிறுத்துங்கள், அக்கா

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 70. ஒன்பது ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. மூத்த மகன் படிப்பை முடித்த கையோடு நிலத்தில் இறங்கினான். 14 வருடமாக வேலை முழுவதும் அவன் தலையில்தான். ஆனால் மோட்டார் கொட்டகைச் சாவி இன்னும் இவர் இடுப்பில்தான் தொங்குகிறது. எதை விதைப்பது, யாருக்கு விற்பது எல்லாம் இவர் சொல்வதுதான். ‘எனக்கப்புறம் எல்லாம் உனக்குத்தானே’ என்பார். எதையும் எழுதித் தரமாட்டார். வெளியூரில் இருக்கும் மகளும் இளைய மகனும் தங்கள் பங்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மருமகள், ‘இந்த வீட்டில் நாங்கள் யார்?’ என்கிறாள். அப்பாவும் மகனும் நேரில் பேசி ஆறு மாதம் ஆகிறது. ‘அப்பாகிட்ட சொல்லும்மா’, ‘அவன்கிட்ட சொல்லிடு’ என்று எல்லாம் என் வழியாகத்தான். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தச் சாவி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. 14 வருடம் பாடுபட்ட ஒருவர், காய்கிற பயிருக்குத் தண்ணீர் விட அப்பாவிடம் சாவி கேட்டு நிற்கிறார். அதையும் நேரில் கேட்க முடியாமல் அம்மாவை அனுப்புகிறார். நீங்கள் அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடக்கிற நடை எனக்குப் புரிகிறது. தூக்கம் எப்படி வரும்?

நிலத்தைப் பிள்ளைகளுக்கு விடுவது என்றதும் எல்லோருக்கும் பத்திரம்தான் ஞாபகம் வருகிறது. கைமாற வேண்டியவை மூன்று இருக்கின்றன: வேலை, முடிவெடுக்கிற அதிகாரம், சொத்துரிமை. உங்கள் வீட்டில் வேலை என்றைக்கோ மகன் கைக்குப் போய்விட்டது. மற்ற இரண்டும் இம்மியும் நகரவில்லை. புகைச்சல் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. பத்திரத்தை எடுத்ததுமே பேசினால் உங்கள் கணவர் எழுந்து போய்விடுவார். நடுவில் இருக்கிற அதிகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் அவர் பக்கம் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வருகிற ஒவ்வொரு மாற்றமும் மனிதரை எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100. கல்யாணத்துக்கு 50. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45! அதுவும் அலுவலகத்தில் இருந்தவர் என்றால் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த வாசல் பக்கம் போக வேண்டியதில்லை. விவசாயி காலையில் கதவைத் திறந்தால் அதே வயல் எதிரே கிடக்கிறது, அதில் மகன் வேறு மாதிரி பாத்தி பிடித்துக்கொண்டிருக்கிறான். ‘இனி நான் எதற்கு?’ என்ற கேள்வி அவரை அரிக்கிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதே பட்டியலில் பண நிலைமை மாறுவதற்கு 38, சம்பந்த வழி உறவுகளோடு வரும் உரசலுக்கு 29. உங்கள் வீட்டில் இவை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நேரத்தில் நடக்கின்றன. இவ்வளவு பாரத்தை நீங்கள் ஒருவரே சுமந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

சரி, என்ன செய்யலாம்? ஒன்பது ஏக்கரில் இரண்டு ஏக்கரை ஒரு வருடத்துக்கு மகனிடம் முழுசாக விடச் சொல்லுங்கள். விதை, செலவு, விற்பனை, லாபம், நஷ்டம் எல்லாம் அவர் பொறுப்பு. கணக்கு தனி நோட்டில். மகன் கேட்டால் மட்டும் அப்பா யோசனை சொல்லட்டும். தப்பு செய்தாலும் அந்த வருடம் அவருடையது. அடுத்த வருடம் நான்கு ஏக்கர். அதேபோல் அப்பாவுக்கென்றும் ஒரு பொறுப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும். நாற்றங்காலோ, மாடு கன்றோ, எது அவருக்குப் பிரியமோ அது. அங்கே மகன் மூக்கை நுழைக்கக் கூடாது. சாவிக்கு நகல் ஒன்று போட்டுவிடுங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் தினமும் விடிந்தால் குத்துகிற முள் அதுதான்.

மகனுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையையும் இப்போதே பேசுங்கள். கைச்செலவுக்கு மாமனாரிடம் நிற்க வேண்டியிருந்தால் எந்த மருமகளும் ‘நாங்கள் யார்?’ என்றுதான் கேட்பாள். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இனி பங்கு. இதில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பாவும் பெரியப்பாவும் கயிறு பிடித்து நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் கிணறு ஒருவர் பக்கம் போனது, வண்டிப்பாதை இன்னொருவர் பக்கம் போனது. எந்த நாள் யாருக்குத் தண்ணீர், எந்த வழியாக வண்டி போகலாம் என்று ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. ‘அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து?’ என்றார்கள். மூன்றாவது கோடையில் பேச்சு நின்றுபோனது. என் கல்யாணத்தன்று பெரியப்பா தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனதாக அப்புறம்தான் கேள்விப்பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: தண்ணீர் முறை, பாதை, மின் இணைப்பு, மிச்சமிருக்கிற கடன் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்.

மூன்று பேருக்கும் சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் மூத்தவர் 14 வருடம் கூலி வாங்காமல் உழைத்த உழைப்பு எந்தக் கணக்கில் வரும்? இன்னொரு சிக்கலும் உண்டு. நிலத்தின் விற்பனை விலை வேறு, அதன் விளைச்சலில் கையில் நிற்கிற பணம் வேறு. விற்பனை விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தம்பி தங்கைக்கு ஒரே நேரத்தில் கொடு என்றால், அந்த நிலத்தையே விற்றால்தான் முடியும். அதற்காக மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அவர்கள் பங்கை வருடா வருடம் தவணையாகக் கொடுக்கலாம். அல்லது அவர்கள் பேரில் இருக்கிற பங்கை மூத்தவரே குத்தகைக்கு உழலாம். சேமிப்போ காலி மனையோ இருந்தால் அவற்றை அவர்கள் பக்கம் கூடுதலாக ஒதுக்கலாம். மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று மட்டும் நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடமே கேளுங்கள். பணத்தைவிட, தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் பெண் பிள்ளைகள் பலருக்கு ஆறாத வருத்தம்.

எழுதுவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உயில் எழுதினால் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் அது நடப்புக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் உரிமை அப்போதே கைமாறிவிடும், பிறகு திரும்பப் பெறுவது பெரும்பாடு. உங்கள் கணவர் தயங்குவது இதனால்கூட இருக்கலாம். ‘நாங்கள் இருவரும் இருக்கும்வரை இந்த வீட்டில் இருப்போம், வருமானத்தில் இவ்வளவு எங்களுக்கு’ என்று ஆயுட்கால உரிமையை எழுதிக்கொள்ள வழி உண்டு. உங்களுக்கும் சேர்த்து, அக்கா. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். பிள்ளைகளில் யாருக்கும் வேண்டியவராக இல்லாத வக்கீலாக இருக்கட்டும்.

பேச உட்காரும்போது அறுவடை நேரம் வேண்டாம், விசேஷ வீடும் வேண்டாம். முதலில் நீங்களும் கணவரும் தனியாகப் பேசுங்கள். பிறகு மூன்று பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், மூத்த மருமகளும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வீட்டில் வாழப்போகிறவர் அவர்தான். எல்லோரும் மதிக்கிற வெளியாள் ஒருவர் நடுவில் இருந்தால் குரல் உயராது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம், ஒன்றரை மணி நேரம் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கணவரோ மகனோ சாப்பாட்டைக் குறைத்து, வயல் பக்கமே போகாமல், ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற மாதிரி பேசினால் கோபத்தில் சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்து டப்பாக்களை அவர்கள் கைக்கு எட்டாத வேறு இடத்துக்கு அன்றைக்கே மாற்றுங்கள், தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உங்கள் தூக்கத்துக்கும் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

நாளைக் காலையிலும் மகன், ‘அப்பாகிட்ட சொல்லும்மா’ என்று வருவார். ‘வா, நானும் கூட வர்றேன். நீயே சொல்லு’ என்று அவர் கையைப் பிடித்துத் திண்ணைக்குக் கூட்டிப் போங்கள். போய், நீங்கள் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.