டிரைவ் இரவில் தானாக இறங்குவது ஏன்?

கேள்வி: சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்காக, ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைத் தாங்கும் டிரைவ் பின்பக்கம் வெளியிலும் இருக்கும் அமைப்பு) பொருத்திய பழைய படகு ஒன்றை வாங்கியுள்ளேன். மாலையில் டிரைவை முழுவதும் தூக்கிவிட்டுப் போனால், காலையில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. டிரைவைத் தூக்கி இறக்கும் எண்ணெய்ப் பம்பின் தொட்டியில் எண்ணெய் குறைவாகத் தெரிந்ததால் நிரப்பினேன்; டிரைவை இறக்கியபோது அது வழிந்து படகின் அடித்தளமெங்கும் பரவிவிட்டது. கோளாறு எங்கே இருக்கிறது?
– வாசகர், பாரி, ஒன்டாரியோ

பதில்: எண்ணெய் வழிந்ததற்கும் டிரைவ் இறங்குவதற்கும் தொடர்பில்லை, இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். டிரைவ் மேலே எழும்போது இரு பக்கச் சிலிண்டர்களிலிருந்தும் பிஸ்டன் தண்டுகள் வெளியே நீள்கின்றன. அதுவரை தண்டு அடைத்துக்கொண்டிருந்த இடத்தையும் எண்ணெயே நிரப்ப வேண்டியிருப்பதால், அந்த அளவுக்குத் தொட்டியின் மட்டம் தாழ்கிறது. டிரைவை இறக்கினால் அத்தனை எண்ணெயும் திரும்பி வந்துவிடும். நீங்கள் தூக்கிய நிலையில் மட்டம் பார்த்து நிரப்பியிருக்கிறீர்கள். டிரைவ் முழுவதும் இறங்கியிருக்கும்போது மட்டுமே பார்த்து, தொட்டியில் குறித்துள்ள இரு கோடுகளுக்கு இடையே மட்டம் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்ன்டிரைவ் தயாரிப்பான மெர்குருசரின் பம்புகளுக்கு அந்நிறுவனத்தின் டிரிம் எண்ணெய் (டிரைவைத் தூக்கி இறக்கும் பம்புக்கானது) கிடைக்காதபோது 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை ஊற்றலாம். மற்ற நிறுவனங்களின் பம்புகளுக்கு அவரவர் கையேடு சொல்வதைத் தவிர வேறெதையும் கலக்க வேண்டாம். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். முழுவதையும் வடித்து மாற்றுவதோடு, அது புகுந்த வழியையும் அடைக்க வேண்டும்.

இனி, டிரைவ் இறங்குவதைப் பார்ப்போம். அதைத் தூக்கி நிறுத்துவது சிலிண்டருக்குள் சிறைப்பட்ட எண்ணெய்தான். அது எங்கோ ஒரு வழியாக நழுவுவதால்தான் டிரைவ் தாழ்கிறது. படகு கரையில் இருக்கும்போது டிரைவைத் தூக்கி, இரு தண்டுகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். தண்டின் அடியில், சிலிண்டரின் வாயருகே எண்ணெய்ப் பிசுக்கு மோதிரம்போலப் படிந்திருந்தால் அந்தப் பக்கத்து சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. தண்டில் துருப்புள்ளியோ கீறலோ இருந்தால் புது சீலையும் அது விரைவில் அறுத்துவிடும் என்பதால், விரலால் தடவிப் பார்க்கத் தவறாதீர்கள். அடுத்து ஹோஸ்களையும் இணைப்புகளையும் பாருங்கள். வெளியில் எங்கும் கசிவில்லை, தொட்டியின் மட்டமும் நாளடைவில் குறையவில்லை என்றால், எண்ணெய் திரும்பி ஓடாமல் பிடித்துவைக்கும், பம்பிலுள்ள தடை வால்வுகளோ பிஸ்டனின் உள்சீலோ எண்ணெயை விடுகின்றன. எது என்பதை அழுத்தமானி வைத்துப் பார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது. காரணம் தெரியாமல் பம்பையே மாற்றுவது வீண் செலவு.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். எண்ணெயின் பலத்தில் நிற்கும் டிரைவை நம்பி அதன் அடியில் கையையோ தலையையோ விடக் கூடாது. ஹோஸைக் கழற்றுவதாக இருந்தால் டிரைவை முழுவதும் இறக்கிவிட்டோ, உறுதியான முட்டுக் கொடுத்தோ செய்யுங்கள். தூக்கிய நிலையில் ஒரு ஹோஸ் விட்டுப்போனால், அத்தனை எடையும் ஒரே நொடியில் கீழே வரும்.

சிலிண்டர்களின் முனையில் அனோடு (மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தானே கரையும் உலோகத் துண்டு) இருக்கிறதா என்றும் பாருங்கள். சிம்கோ நன்னீர் ஏரி என்பதால் மக்னீசியமே பொருத்தம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் படக் கூடாது.

கேள்வி: குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி வைக்கும்போது டிரைவைத் தூக்கி வைப்பதா, இறக்கி வைப்பதா?
– அதே வாசகர்

பதில்: இறக்கித்தான் வைக்க வேண்டும். தூக்கியே வைத்தால், படகுக்கும் டிரைவுக்கும் நடுவே தண்ணீர் புகாமல் காக்கும் மடிப்புக் குழாயான ரப்பர் பெல்லோஸ் மாதக்கணக்கில் வளைந்தபடி நின்று, அந்த மடிப்பிலேயே இறுகி வெடிக்கும். அது கிழிந்தால், இன்ஜினின் சுழற்சியை டிரைவுக்குக் கொண்டுசெல்லும் யு-ஜாயின்ட்டுக்கும், அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்குக்கும் தண்ணீர் போய்விடும். இறக்கிய டிரைவிலிருந்து தண்ணீர் தானே வடிந்துவிடுவதால், உள்ளே உறைந்து உலோகத்தைப் பிளக்கும் அபாயமும் குறைகிறது. பிஸ்டன் தண்டுகளும் சிலிண்டருக்குள், எண்ணெயில் தோய்ந்தபடி, துருவேறாமல் இருக்கும். வசந்தத்தில் படகை இறக்குவதற்கு முன் நாலைந்து முறை மேலும் கீழும் இயக்கினால், சிக்கிய காற்று தொட்டி வழியே வெளியேறிவிடும். அப்போது ஸ்டியரிங் பக்கத்து பொத்தான் தூக்க மறுத்து, டிரெய்லர் பொத்தான் (படகை டிரெய்லரில் ஏற்றும்போது டிரைவை முழு உயரத்துக்குத் தூக்குவது) மட்டும் தூக்கினால் பம்பைப் பிரிக்க வேண்டாம். ஓட்டும்போது டிரைவ் அளவுக்கு மேல் உயராமல் நிறுத்தும் டிரிம் வரம்பு சுவிட்சையும் அதன் ஒயரையும் பார்த்தால் போதும்.