காதுக்குள் ஓயாத இரைச்சல்: வாசகர் கேள்வி – பதில்

காதிரைச்சலைப் பற்றியும் கேட்கும் திறன் குறைவதைப் பற்றியும் இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் நான்கிற்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: எனக்கு 52 வயது. சிறு வயது முதல் விசைத்தறி ஓட்டுகிறேன். கடந்த ஓராண்டாக இரண்டு காதுகளிலும் ‘கொய்ங்’ என்ற சத்தம் விடாமல் கேட்கிறது. பகலில் தறிச் சத்தத்தில் தெரிவதில்லை; இரவில் படுத்தால் தூங்க விடுவதில்லை. பரிசோதித்த மருத்துவர், “நரம்பு பலவீனம், ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இது நிற்கவே நிற்காதா? மூளையில் கட்டி ஏதும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம்

பதில்: உங்கள் பயத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தூக்கத்தைக் கெடுப்பதில் இரைச்சலைப் போலவே அந்தப் பயத்துக்கும் பங்குண்டு. பல ஆண்டுகள் பேரோசையில் வேலை செய்த ஒருவருக்கு, இரண்டு காதுகளிலும் ஒரே மாதிரியாக, தலைச்சுற்றலோ நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் ஓசையோ இல்லாமல் வரும் இரைச்சல் கட்டியின் அறிகுறியாக இருப்பது மிக அரிது. உங்களுக்குப் பாதிப்பு தொடங்கிய இடம் பெரும்பாலும் உட்காதாகவே இருக்கும்.

காக்லியா எனப்படும் உட்காதின் சுருள் குழாய்க்குள், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியதிர்வை நரம்புக்கு உரிய மின்குறிப்பாக மாற்றித் தருபவை இவைதாம். மனிதருக்கு இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தறியின் நாடா அடிபடும் ஓசையைப் போன்ற கடும் இரைச்சல் பெரும்பாலும் முதலில் தாக்குவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான மெல்லிய, கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் செல்களை. அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டிய குறிப்பு குறைந்ததும், மூளை அதை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் சரியாகப் பிடிக்காத வானொலியில் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடுமல்லவா, அப்படிக் கூடிய நரம்புச் சலனமே நீங்கள் கேட்கும் ‘கொய்ங்’ என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

முழுவதுமாக நின்றுவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். இந்த வகைச் சத்தத்தை அணைத்துவிடும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் சத்தம் இருக்கும்போதே அதன் தொல்லை குறைந்து, நாளில் பெரும்பகுதி அதை மறந்து வாழும் நிலையைப் பலர் அடைந்திருக்கிறார்கள். ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை தவறில்லை. எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஊரில், வீட்டோடு தறி ஓடும் குடும்பங்களில் கைக்குழந்தைகள் அந்த ஓசைக்கு நடுவே அயர்ந்து தூங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தில்லை என்று மூளை முடிவு செய்துவிட்ட ஒலி, எவ்வளவு உரத்ததானாலும் கவனத்தை இழுப்பதில்லை. போலந்தில் பிறந்த பாவெல் ஜாஸ்டிரபாஃப் என்ற ஆய்வாளர் 1990-இல் காதிரைச்சலைப் பற்றி வெளியிட்ட விளக்கம் இந்த இயல்பை ஒட்டியதே: இரைச்சலை அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும் உணர்ச்சி மையங்களால்தான் அது தாங்க முடியாததாகிறது, அந்தத் தொடர்பு தளரத் தளர, ஒலி இருந்தாலும் தொல்லை குறைகிறது.

இதற்கு முதற்படி, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனை எடுப்பது. கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தால், பொருத்தமான காது மிஷின் வெளியொலிகளை மூளைக்கு மீட்டுத் தருவதால் பலருக்கு இரைச்சலும் பின்னுக்குப் போகிறது. அடுத்து, படுக்கையறையில் முழு நிசப்தத்தைத் தவிருங்கள். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்கர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தபோது, 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் இரைச்சலைக் கேட்டதாகச் சொன்னார்கள். நல்ல காதுக்கே அப்படியென்றால், உங்கள் காதுக்கு நிசப்தம் எவ்வளவு பகை என்று பாருங்கள். மின்விசிறியின் ஓசையோ, கைபேசியில் பதிந்த மழையோசையோ, தணிந்த குரலில் வானொலியோ ஓடட்டும். அது இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு இல்லாமல் அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் மூளை எதனோடு பழக வேண்டுமோ அது காதில் விழுந்துகொண்டிருந்தால்தான் பழக்கம் ஏற்படும். காலையில் கண் விழித்ததும் ‘இன்றைக்கும் இருக்கிறதா’ என்று காது கொடுத்துச் சோதிக்கும் வழக்கம் இருந்தால், அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

இவற்றுக்குப் பிறகும் தூக்கமும் மனமும் கெடுமானால், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. வாழ்க்கையில் காதிரைச்சல் உண்டாக்கும் பாதிப்பை இது குறைக்கக்கூடும் என்று பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்டு 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைப் பற்றிக் கேட்கலாம். அங்கே போவதில் எந்த இழிவும் இல்லை. வாழ்வே வெறுக்கும் அளவுக்கு இரவுகள் கடினமாகிவிட்டால், 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இனித் தொழிலைப் பற்றி. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் (ஒலி அளவின் அலகு) என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகி, 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சுகிறது. விசைத்தறிப் பட்டறைகளில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். மிச்சமிருக்கும் செல்களையாவது காப்பாற்ற வேண்டும், அதற்குக் காதில் பஞ்சு வைப்பது போதாது. மருந்துக் கடைகளிலும் பாதுகாப்புக் கருவிக் கடைகளிலும் விலை குறைவாகக் கிடைக்கும் நுரை அடைப்பானை வாங்குங்கள். அதை விரல்களுக்கிடையே திரித்து மெல்லிய திரியாக்கி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே செருகி, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வீட்டிலும் அடைத்துக்கொண்டிருந்தால் இரைச்சல் பெரிதாகத் தெரியும். உங்கள் பட்டறை தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருப்பதையும் அறிந்து, ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. நிறையச் செலவு செய்து காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வாரம் போட்டுவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்றுதான் புரியவில்லை, மிஷின் போட்டால் பாத்திரச் சத்தம்தான் மண்டையைப் பிளக்கிறது” என்கிறார். இப்போது கல்யாணம், கோயில் என்று எங்கும் வருவதில்லை. பிடிவாதமா, மறதியா என்று எங்களுக்குத் தெரியவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள் அம்மா. முதுமையில் முதலில் குறைவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சில் உயிரொலிகள் கனமானவை, அவை காதில் விழுந்துவிடும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, அவை தவறிவிடும். கடை, சடை, தடை, படை எல்லாம் அவருக்கு ஒரே சொல்லாகக் கேட்கக்கூடும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிந்து, பேசுவது மட்டும் விளங்காத நிலை இது.

மிஷினைப் பொறுத்தவரை, வாங்கிய நாளில் செய்த அமைப்பே இறுதியானது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாகக் கேட்காதிருந்த தாளிக்கும் ஓசையும் குழாய்த் தண்ணீரும் செய்தித்தாள் சரசரப்பும் ஒரே நாளில் திரும்பும்போது மூளை திணறத்தான் செய்யும். அதற்குப் பல வாரங்கள் ஆகும். எந்தெந்தச் சத்தம் உறுத்துகிறது, யாருடைய குரல் புரியவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி, வாங்கிய இடத்திலுள்ள செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்டிடம் அவரையும் அழைத்துக்கொண்டு போய் மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள். செவித்துளைக்குள் மெல்லிய குழாய் வைத்து, மிஷின் உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளக்கும் வசதி அங்கே இருந்தால் அதையும் கேளுங்கள். இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் மிஷின் இருப்பதே கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறிய உதவும். தொடக்கத்தில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது ஓரிரு மணி நேரம் போடட்டும்; பிறகு நேரத்தைக் கூட்டலாம். கல்யாண மண்டபம் கடைசியில்தான்.

சின்ன விஷயங்களும் மிஷினை மேசை இழுப்பறைக்கு அனுப்பிவிடும். பொத்தான் பேட்டரியின் மேலுள்ள வண்ணத் தாளை உரித்ததும் உடனே உள்ளே போட்டுவிடாமல், காற்றுப் படுமாறு ஓரிரு நிமிடம் வைத்திருந்து போட்டால்தான் அது முழு வலுவோடு இயங்கும். நம் ஊர் வியர்வைக்கு, இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வைப்பது அவசியம். ஒலி வரும் முனையில் குறும்பி அடைத்திருந்தாலே மிஷின் செத்ததுபோல் இருக்கும்.

வீட்டாரின் பங்கு இதைவிடப் பெரிது. அடுக்களையிலிருந்து கூப்பிட்டுப் பேசாமல், எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் படுமாறு நின்று, அவர் கவனத்தைத் திருப்பிய பிறகு பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் சொல் சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். ஒரு வாக்கியம் புரியவில்லையென்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். எல்லோரும் சிரிக்கும்போது ‘என்ன?’ என்று கேட்பவரிடம் ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பெரியவர்கள் கூட்டத்தை விட்டு ஒதுங்குவது பல வீடுகளில் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

இக்கடிதத்தைப் படிக்கும், மிஷின் வாங்க வசதியில்லாதவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரண்டு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்று பெறலாம், அதைக் கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விலையில்லாக் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: காதிரைச்சலுக்கு ஜிங்கோ மர இலைச்சாற்று மாத்திரை நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உறவினர்கள் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. ஜிங்கோ, துத்தநாகம் போன்றவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2014-இலேயே வழிகாட்டியிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோருக்கு ஜிங்கோவால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு. எண்ணெயோ செவிப்பறையைத் தாண்டிச் செல்லாது. இரைச்சலின் ஊற்று அதற்கு அப்பால், எலும்புக்குள் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். உறவினர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் மறுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் அன்றாடம் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், சில நீர் பிரியும் மருந்துகள், ஜென்டாமைசின் வகை ஊசிகள் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடும். எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மூன்று வாரங்களுக்கு முன் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டு, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் தொடங்கியது. குறும்பியாக இருக்கும் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுவருகிறான். இன்னும் சரியாகவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியே பதில் அனுப்பினேன். மற்றவர்களும் அறியவேண்டும் என்பதற்காக இங்கும் எழுதுகிறேன். மூன்று நாட்களுக்குள் ஒரு காது திடீரென்று மங்கினால், அது உட்காது பாதிப்பாக இருக்கக்கூடும். அது அவசர நிலை. முதல் இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் மீளும் வாய்ப்பு கூடுதல். அது தவறினாலும் ஆறு வாரம் வரை செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்க இடமுண்டு. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார்த்தால், குறும்பியோ சளியோ அடைத்த காதாக இருந்தால் ஓசை அந்தக் காதில் கூடுதலாகக் கேட்கும். உட்காது பாதிப்பென்றால் பெரும்பாலும் நல்ல காதில்தான் கேட்கும். இது மருத்துவரிடம் விரைவதற்கான ஒரு குறிப்பு மட்டுமே, ஆடியோகிராமுக்கு மாற்றாகாது. ஒரு பக்கம் மட்டும் கேட்காமல் போனால், செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், அத்தகைய கட்டி இருந்தாலும் அது புற்றுநோய் அல்லாததாகவே பெரும்பாலும் இருக்கும்.

கேட்கும் திறன் முழுவதும் திரும்பாவிட்டால், வலப்பக்க ஒலியை இடக்காதுக்கு அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. அதுவரை, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது ஒற்றைக் காதுக்குச் சரியாகப் பிடிபடாது என்பதை உங்கள் தம்பி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாலையைக் கடக்கும்போது ஹார்ன் ஓசையை நம்பாமல் இருபுறமும் திரும்பிப் பார்க்கட்டும். இருசக்கர வண்டி ஓட்டினால் இரண்டு கண்ணாடிகளையும் பொருத்திக்கொள்ளட்டும்.