சுவரில் போகும் ஆறு நொடி

அன்புள்ள அக்கா,

கோவையில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். நீச்சல் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கற்றது. அப்பா இடுப்பில் கேன் கட்டி இறக்கிவிட்டார். ஒரே கோடை விடுமுறையில் கேனைக் கழற்றிவிட்டு, படிக்கல்லை உதைத்து உள்நீச்சலில் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்துவிட்டேன். இப்போது கல்லூரி அணியில் இருக்கிறேன். பயிற்சி 25 மீட்டர் குளத்தில். ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டர் 36 நொடி, 100 மீட்டர் 1 நிமிடம் 24 நொடி. சுவர் வரை பக்கத்து லேன் பெண்ணோடு சமமாகப் போகிறேன். கையால் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் அவள் ஓர் ஆள் நீளம் முன்னால் இருக்கிறாள். வேகம் போதவில்லை என்று தினமும் கூடுதலாக 1,000 மீட்டர் நீந்துகிறேன். நான்கு மாதமாக டைமிங் அசையவில்லை. திரும்பியதும் நீருக்கடியில் போனால் தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள் என்கிறாள் தோழி. கைகளை இன்னும் பலப்படுத்த வேண்டுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

கைகளை விடு. கை பலமில்லாதவள் சுவர் வரை சமமாக வந்திருக்க மாட்டாள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். குளத்தின் குறுக்கே, சுவரிலிருந்து 5 மீட்டரில், மல்லாந்து நீந்துபவர்களுக்காகக் கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். உன் தலை அதைக் கடந்து சுவருக்குப் போய், திரும்பி மறுபடி அதைக் கடக்கும் வரை தோழியை ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல். மொத்தம் 10 மீட்டர். உன் 50 மீட்டர் வேகப்படி 7 நொடிக்குச் சற்று மேல் ஆகவேண்டும். கையால் தொட்டு, தலையைத் தூக்கி மூச்சு வாங்கி, உடம்பைத் திருப்பிக் கிளம்பினால் அது 9 நொடிக்கு எளிதாகப் போய்விடும். 100 மீட்டரில் மூன்று டர்ன் என்றால் ஆறு நொடி சுவரிலேயே போகிறது. நீ கூடுதலாக நீந்தும் 1,000 மீட்டரில் 39 முறை திரும்புகிறாய். 39 முறையும் அதே தப்பைத்தான் உடம்புக்குப் பழக்குகிறாய். டைமிங் எப்படி அசையும்?

சுவர் நம்மை நிறுத்துகிறது என்றுதான் புதிதாகப் போட்டிக்கு வருகிற எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், தொடக்கத்தில் குதிப்பதை விட்டால், சுவரை உதைத்துக் கிளம்பும் அந்தக் கணத்தில்தான் நாம் அதிக வேகத்தில் இருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 47.08 நொடியில் நீந்தினார். அது 50 மீட்டர் குளம், ஒரே ஒரு டர்ன். அதே ஆண்டு அக்டோபரில் 25 மீட்டர் குளத்தில் அதே தூரத்தை 44.84 நொடியில் முடித்தார். அதே ஆள், அதே கைகள். கூடுதலாக இருந்தவை இரண்டு சுவர்கள்.

அந்தச் சுவரைப் பயன்படுத்தும் வழி, கையால் தொடாமல் நீருக்குள் குட்டிக்கரணம் அடித்துக் காலால் உதைத்துக் கிளம்புவது. என் முதல் கல்லூரிப் போட்டியில் நானும் சுவருக்கு முன் கடைசி ஸ்ட்ரோக்கில், அதாவது கைவீச்சில், தலையைத் தூக்கிப் பார்த்து மூச்சு வாங்கினேன். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும். இடுப்பு தாழ்ந்த உடம்பால் குட்டிக்கரணம் அடிக்க முடியாது. பாதி சுழன்று பக்கவாட்டில் சாய்ந்தேன். கால் சுவரில் படவே இல்லை. கால் படாவிட்டால் தகுதி நீக்கம், எனக்கும் அதுதான் நடந்தது. ஃப்ரீஸ்டைலில் கையால் தொடவேண்டிய கட்டாயம் இல்லை, உடம்பில் ஏதாவது ஒரு பாகம் பட்டால் போதும். (பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையும் ஒன்றாகப் படவேண்டும்.)

ஆகவே சுவரைப் பார்க்காதே, தரையைப் பார். லேனின் நடுவே ஓடும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் குறுக்குக்கோட்டோடு முடியும். அதைத் தலை கடந்ததும் ஒரு ஸ்ட்ரோக், பிறகு சுழற்சி. உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப இது கொஞ்சம் மாறும், உன் அளவை நீயே பழகிக் கண்டுபிடி. சுழலும்போது மோவாய் நெஞ்சை நோக்கி, முழங்கால் மடங்கி, முடிந்தவரை சின்னப் பந்தாகச் சுருங்க வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறும் என்ற பயம்தான் பலரைப் பாதியில் நிறுத்துகிறது. சுழலும் நேரம் முழுக்க ‘ம்ம்ம்’ என்று மூக்கு வழியே காற்றை விட்டுக்கொண்டே இரு, ஏறாது. பாதம் சுவரில் படும்போது நீ மல்லாந்துதான் இருப்பாய். உடனே குப்புறத் திரும்ப முயலாதே. மல்லாந்தபடியே உதை, போகிற போக்கில் திரும்பிக்கொள்ளலாம். உதைக்கும் முன்பே கைகள் தயாராக இருக்கட்டும்: ஒரு உள்ளங்கை இன்னொரு புறங்கையின் மேல், மேல் கைக் கட்டைவிரல் கீழ்க் கையைப் பூட்டியபடி, புஜங்கள் காதை ஒட்டி. கிணற்றில் நீ உள்நீச்சல் போனபோது கைகளை இப்படித்தானே வைத்திருப்பாய்?

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். குளத்திலேயே கற்ற பிள்ளைகள் பலருக்கு நீருக்கடியில் இருப்பதே பதற்றம், உதைத்ததும் மேலே வந்துவிடுவார்கள். மேல்மட்டத்தில் உடம்பு அலையை எழுப்புகிறது, அதற்கே நம் பலத்தில் ஒரு பங்கு போகிறது. அரை மீட்டர் ஆழத்தில் அந்தச் செலவு குறைகிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் முதல் நீளத்தின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கடந்தார். ஹீட்ஸ் எனும் தகுதிச் சுற்றில் 54.51 நொடி, உலக சாதனை. இறுதிப் போட்டியில் தங்கம் ஜப்பானின் டைச்சி சுசுகிக்குப் போனது, அவரும் நீண்ட தூரம் நீருக்கடியில் போகிறவர்தான். அதன் பிறகுதான் எல்லை வகுத்தார்கள். இன்று ஃப்ரீஸ்டைலில் தொடக்கத்திலும் ஒவ்வொரு டர்னிலும் 15 மீட்டர் வரை அனுமதி உண்டு, அதற்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். தோழியிடம் சொல்.

ஆனால் 15 மீட்டரும் உனக்கு வேண்டாம். உதைத்த வேகம் உன் நீந்தும் வேகத்துக்கு இறங்குவதற்குள் டால்ஃபின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அலைபோல் அடிப்பது) தொடங்கவேண்டும், அது தளரும்போது மேலே வந்துவிட வேண்டும். இப்போதைக்கு மூன்று நான்கு கிக், கொடித் தோரணத்தைத் தாண்டி மேலே வா, முதல் ஸ்ட்ரோக்கில் மூச்சு எடுக்காதே. அந்த ஒரு மூச்சை அடக்குவது முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. நீருக்கடிப் பயிற்சியை ஒருநாளும் தனியாகச் செய்யாதே. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்குவது, யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டுவது, இரண்டும் வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அப்படி இறந்திருக்கிறார்கள். கிணற்றிலும் இதே விதிதான்.

அந்தக் கூடுதல் 1,000 மீட்டரை ஒரு மாதம் நிறுத்திவை. அந்த நேரத்தில் குளத்தின் நடுவிலிருந்து சுவருக்கு முழு வேகத்தில் போய், திரும்பி, தோரணத்தைத் தாண்டியதும் நின்றுவிடு. மூச்சு முழுக்கத் திரும்பியதும் அடுத்தது. நாளுக்குப் பன்னிரண்டு போதும். களைத்தபின் அடிக்கும் டர்ன் பழைய டர்னாகிவிடும். முதலில் இன்றைக்குத் தோரணத்திலிருந்து தோரணம் வரை எத்தனை நொடி என்று எடுத்துக் குறித்துவை. மாதக் கடைசியில் இரண்டு எண்ணையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா