ஸ்பிரிங்வுட்டில் வீடு பார்த்திருக்கும் தம்பிக்கு

கோவையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் வாடகை கட்டுப்படியாகவில்லை, மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலைப் பக்கம் ஸ்பிரிங்வுட்டில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு வந்திருக்கிறது, பின்னால் ஒரே யூகலிப்டஸ் காடு, எடுக்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், ரயில், நம்ம ஊர் மளிகை, காப்பீடு, குளிர் என்று பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். காட்டுத்தீயை மட்டும் கடைசியில் ஒரே வரியில் "அதெல்லாம் எப்போதாவதுதானே?" என்று முடித்துவிட்டீர்கள். நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பள்ளிக்கூடங்கள் நன்றாக இருக்கின்றன, ரயில் இருக்கிறது, மளிகைக்கு டூங்காபி போய் வந்தால் போதும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்களும் வாடகைக்குப் பயந்துதான் மலைக்கு வந்தோம். வீட்டைக் காட்டிய ஏஜென்ட் எங்களைப் பால்கனியில் நிறுத்தி, பள்ளத்தாக்கைக் காட்டி, இந்தக் காட்சிக்கே தனியாகக் காசு கொடுக்கலாம் என்றார். தீ என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. எங்களிடம் அதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அன்றே வேலி ஓரமாக வந்து பெயரைக் கேட்டார், அடுத்த கேள்வியே "தீ வந்தால் எங்கே போவீர்கள்?" என்பதுதான். அந்த ஏஜென்ட் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. புதிதாக நாட்டுக்குள் வந்தவர்களுக்குக் காட்டோர வீட்டைத் தள்ளிவிடுகிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் இந்த மலையின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒரு நீண்ட முகட்டின் மேல் போகின்றன. ஊர்கள் அந்த முகட்டை ஒட்டியே இருக்கின்றன. பல தெருக்கள் முகட்டிலிருந்து கிளை பிரிந்து போய்க் கடைசி வீட்டோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் பள்ளமும் காடும்தான். தீ மேட்டில் ஏறும்போது சமதளத்தைவிட வேகமெடுக்கும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று இங்கே பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித் தருவார்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இந்தத் தெருக்களின் கடைசி வீடுகள்தான் கண்முன் வந்தன. வீடு பார்க்கப் போகும்போது சமையலறையை அளப்பதற்கு முன்னால், பின்பக்கச் சரிவு எவ்வளவு செங்குத்து, வெளியேற ஒரு வழியா இரண்டு வழியா என்று பாருங்கள்.

அப்புறம் காற்று. நான் தென்காசிக்காரி. எங்களுக்கு மேல்காற்று என்றால் குற்றாலச் சாரல். ஆனி, ஆடியில் அந்தக் காற்றுக்காகவே காத்திருப்போம். இங்கே மேற்கிலிருந்து வருவது உள்நாட்டு வறண்ட நிலத்தைக் கடந்து வரும் அனல். அது அடிக்கிற நாளில் மலையில் யாருக்கும் வேலை ஓடாது, வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் தெற்குக் காற்று திரும்பும், உடம்பு குளிரும், அப்பாடா என்று இருக்கும். அந்த நேரம்தான் பொல்லாதது. அதுவரை பக்கவாட்டில் நீளமாகக் கிடந்த தீயின் விலாப்பக்கம் முழுவதும், காற்று திரும்பியதும் முகப்பாக மாறிப் புறப்படும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இறந்தது காற்று திரும்பிய பிறகுதான்.

எங்கள் ஊருக்குத் தீ வந்தது 2013 அக்டோபர் 17, ஒரு வியாழக்கிழமை. கோடைகூடத் தொடங்கவில்லை. ஸ்பிரிங்வுட்டில் லிங்க்ஸ்வியூ சாலைப் பக்கம் ஒரு மரம் மின்கம்பிமேல் சாய்ந்து பற்றிக்கொண்டது. அன்றைய காற்றில் அது பக்கத்து ஊர்களான வின்மலிக்கும் யெல்லோ ராக்குக்கும் தாவிவிட்டது. நாங்கள் வின்மலியில் இருந்தோம். கொடியில் காயப்போட்ட துணிமேல் கருகிய இலைகள் வந்து விழுந்தன. முழு இலைகள், நரம்புகூடத் தெரிந்தது, தொட்டால் பொடியானது. வெயில் தாமிர நிறமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி "இப்போதே கிளம்புங்கள்" என்றார். ஹாக்ஸ்பரி சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. நாங்கள் விட்டு ஓடிவரும் திசையை நோக்கி, எதிரே தீயணைப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு வண்டியின் சன்னலில் எங்களுக்குக் குழாய் வேலை பார்க்க வருகிறவரின் முகம் தெரிந்தது. மஞ்சள் சட்டை, தலைக்கவசம். கொஞ்ச நாள் முன்னால்தான் என் சமையலறையில் முட்டி போட்டு உட்கார்ந்து சிங்க் அடைப்பை எடுத்துக் கொடுத்திருந்தார்.

அந்த ஒரு தீயில் மட்டும் 200க்கு நெருக்கமான வீடுகள் போயின. ஆனால் எங்கள் ஊர்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்குக் காரணம் அந்த வண்டிகளில் போனவர்கள். தன் வீடு எரிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அடுத்த தெருவில் குழாயை விடாமல் நின்றவர்கள் அந்தப் படையில் இருந்தார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது எனக்குத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். நம் ஊரில் தீயணைக்க வருகிறவர் அரசு ஊழியர். சிட்னி நகருக்குள்ளும் சம்பளம் வாங்கும் துறை இருக்கிறது. ஆனால் நம் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 95 சதவீதத்தைப் பார்த்துக்கொள்வது ரூரல் ஃபயர் சர்வீஸ் என்ற தீயணைப்புப் படை. அதில் 70,000க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள், சுமார் 2000 பிரிகேடுகள், அதாவது அந்தந்த ஊர்த் தீயணைப்புக் குழுக்கள். குழாய்க்காரர், நர்ஸ், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. பேஜர் அடித்தால் தட்டில் சோறு இருக்க எழுந்து போவார்கள்.

2019-20 கோடையில் அவர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பார்த்தோம். அக்டோபர் கடைசியில் வொலமை தேசியப் பூங்காவில் மின்னல் விழுந்து பிடித்த கோஸ்பர்ஸ் மவுண்டன் தீ ஒன்றே 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. பிப்ரவரி மழை வந்துதான் அடங்கியது. அதுவரை வேலைக்குப் போகாமல், கடையைத் திறக்காமல் எத்தனை பேர் நின்றார்கள்! டிசம்பர் கடைசியில்தான், சுயதொழில்காரர்களுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் நாளுக்கு 300 டாலர், அதிகபட்சம் 6000 டாலர் என்று அரசு அறிவித்தது. கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதை நான் பார்க்கவில்லை.

அந்த டிசம்பர் 19ஆம் தேதி பக்ஸ்டன் அருகே மரம் விழுந்து ஒரு தீயணைப்பு வண்டி உருண்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் சின்னக் குழந்தைகளின் அப்பாக்கள், ஹார்ஸ்லி பார்க் பிரிகேடைச் சேர்ந்தவர்கள். ஹார்ஸ்லி பார்க் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள் தம்பி. நீங்கள் இப்போது இருக்கும் வென்ட்வொர்த்வில்லிலிருந்து கொஞ்ச தூரம்தான். இறுதிச் சடங்கில் ரூரல் ஃபயர் சர்வீஸின் அன்றைய தலைமை ஆணையர் ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் முட்டி போட்டு, ஒரு குழந்தையின் சட்டையில் அப்பாவின் பதக்கத்தைக் குத்திவிட்டார். அவருடைய அப்பாவும் தீயணைப்புப் பணியில்தான் 2000இல் உயிர்விட்டவர்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "யார் உங்களைக் காட்டுக்குள் போய் இருக்கச் சொன்னது?" என்று நம் ஆட்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிட்னி முழுக்கப் புகை மூடிய அந்த மாதங்களில், இந்த மலைக்காரர்களால்தான் மூச்சு முட்டுகிறது என்று பேசியவர்களும் உண்டு. இலையுதிர் காலத்தில் கோடைக்கு முன்னேற்பாடாகக் காட்டில் அளவோடு தீ வைத்து சருகைக் குறைப்பார்கள்; அப்போது துணியில் புகை நாறுகிறது என்று குறைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வேலைக்கும் சனி, ஞாயிறை விட்டுக்கொடுத்து வருகிறவர்கள் இதே ஆட்கள்தான். நம் சங்கங்கள் அந்தக் கோடையில் பணம் திரட்டின, சமைத்தும் அனுப்பின, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பொங்கல் விழாவுக்கு நூறு பேரைச் சேர்க்கிற நம்மால், ஒரு பிரிகேடுக்கு ஒரு கை ஆட்களைக்கூட அனுப்ப முடியவில்லையே என்பது என் மனக்குறை.

நான் சேர்ந்தேன். சேலையில் பார்த்துப் பழகிய என் அம்மா, மஞ்சள் சட்டையோடு போட்டோவைப் பார்த்து, "உனக்கென்ன தலையெழுத்து" என்று அழுதார்கள். எனக்கு அதில் பெருமைதான். தீயின் முகப்பு கடந்து போனதும் வேலை முடிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முடியாது. கரிந்த நிலத்தில் அடிமேல் அடி வைத்து நடந்து, கட்டைகளைப் புரட்டி, தண்ணீர் அடித்து, மண்ணைக் கிளறி, மறுபடி அடிக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, புறங்கையை மண்ணுக்கு மேலே கொண்டுபோனால் சூடு தெரியும். மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும், அடியில் வேர் கனன்றுகொண்டிருக்கும். நாலைந்து நாள் கழித்துக் காற்று வந்தால் அங்கிருந்துதான் மறுபடி கிளம்பும். வண்டியில் ஏற உடம்பு ஒத்துழைக்காது என்றால் ரேடியோ இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வீடு வீடாகப் போய் எச்சரிக்கும் வேலை இருக்கிறது. ஆங்கிலம் உச்சரிப்பு பற்றிக் கூச்சப்படாதீர்கள். என் தென்காசி ஆங்கிலம் ரேடியோவில் நன்றாகவே புரிகிறது அவர்களுக்கு.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளைப் பிடிப்பது முகப்புத் தீயைவிடக் காற்றில் வரும் கங்குகள்தான். கிலோமீட்டர் கணக்கில் பறந்து வந்து கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் கட்டரில் கிடக்கும் சருகு, வாசல் தேங்காய்நார் மிதியடி, ஓட்டிடுக்கு என்று உட்காரும். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை தீக்காலம். அதற்கு முன்பே கட்டரைச் சுத்தம் செய்யுங்கள், சுவரை ஒட்டி விறகு அடுக்காதீர்கள். தீ எச்சரிக்கை தரும் 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியைப் போனில் ஏற்றுங்கள். எச்சரிக்கை நிறம் மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் கிளம்புகிற நேரம். சிவப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்தால் சாலை அடைபட்டிருக்கும். தீ அபாயத்தின் உச்ச அளவான கேட்டஸ்ட்ரோஃபிக் என்று அறிவித்த நாளில் தீயே இல்லாவிட்டாலும் முந்தின இரவோ விடியற்காலையோ மலையை விட்டு இறங்கிவிடுங்கள். கரண்டும் போன் சிக்னலும் போய்விடும், பேட்டரி ரேடியோ வையுங்கள். பாஸ்போர்ட், விசா தாள், பட்டச் சான்றிதழ், கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே பையில், கதவருகே. நைலான், பாலியஸ்டர் வேண்டாம். பருத்தி அல்லது கம்பளி, முழுக்கை, மூடிய செருப்பு. தாமதமாகக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் ஒரு வண்டி திரும்பி வர வேண்டியிருக்கும், அதில் நாலைந்து பேர் இருப்பார்கள்.

காப்பீடு கேட்டிருந்தீர்கள். வாடகைக்காரர் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும், ஆனால் புகையைப் பார்த்த பிறகு எடுத்தால் பலிக்காது. புதிதாக எடுத்த முதல் 48 அல்லது 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ இழப்பைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். மற்றதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், வேறெங்கும் போக மனமில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின்பக்கச் சரிவில் சேர்ந்தே இறங்கிப் பார்த்துவிட்டு, போகிற வழியில் பிரிகேட் நிலையத்தில் உங்களை அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.