பத்தாயிரம் கூடுதல், 130 கிலோமீட்டர்

கேள்வி: ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் 18,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். உச்சிப்புளியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் 28,000 தருவதாக அழைக்கிறது. போய்வர ஏழு மணி நேரம் ஆகும். பஸ்ஸுக்கே மாதம் 6,000 ரூபாய் போய்விடும். கணவர் மண்டபத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மகளுக்கு நான்கு வயது. என் அம்மா எங்களுடன்தான் இருக்கிறார்; அவருடைய சர்க்கரை நோய்க்கு என் இஎஸ்ஐ அட்டையில்தான் மருந்து வாங்குகிறோம். "பஸ்ஸில் உறங்கிக்கொண்டே போய்விடலாமே" என்கிறார் கணவர். போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உச்சிப்புளி

பதில்: தினமும் போய்வருவதாக இருந்தால் போகாதீர்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். கடையின் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டீர்கள். உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் ஏன் பத்தாயிரத்தோடு நின்றுவிட்டீர்கள்? இன்று டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதம் முதல் இருக்கும் அந்தச் சலுகை மதுரைக்குப் போகும் புறநகர் பஸ்ஸில் செல்லாது. ஆகவே 6,000 ரூபாயும் புதிய செலவு. பத்தாயிரத்தில் மிஞ்சுவது 4,000.

அந்த 4,000 ரூபாய்க்கு நீங்கள் கொடுப்பது என்ன? இப்போது ஒன்றரை மணி நேரப் பயணம், இனி ஏழு மணி நேரம். நாளுக்கு ஐந்தரை மணி நேரம் கூடுதல். 26 நாளுக்கு 143 மணி நேரம். மணிக்கு 28 ரூபாய் வருகிறது. எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கினால் 224 ரூபாய். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அதைவிடக் குறைந்த விலைக்கு உங்கள் விடியற்காலையையும் முன்னிரவையும் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்து, அம்மாவின் மருந்து. இஎஸ்ஐ காப்பீட்டுக்கான சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். 28,000 சம்பளத்தில் சேர்ந்தால் நீங்கள் அந்த வரம்புக்கு வெளியே. பழைய சந்தாவின் பலன் சில மாதம் நீடித்து நின்றுவிடும். பிறகு மாத்திரையும் பரிசோதனையும் கைக்காசில்தான். 4,000 ரூபாயில் அதையும் கழியுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறும்போது, படகின் ஆட்டத்தில் கண்ணயர்ந்ததை அவர் உறக்கம் என்று சொல்வாரா? வீட்டுக்கு வந்து பாயில் படுத்த பிறகுதானே உறங்குகிறார்? பரமக்குடியிலிருந்து மதுரைக்கு நானும் இரண்டு ஆண்டுகள் தினமும் போய்வந்தவன். உங்கள் தூரத்தில் அது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். மாலையில் மாட்டுத்தாவணியில் கால் கடுக்க நின்று ஏறினால், பல நாள் மானாமதுரை தாண்டித்தான் இடம் கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் என் மகன் பேசிய முதல் சொற்களை நான் மனைவி சொல்லித்தான் கேட்டேன்.

இன்றும் மதுரையிலிருந்து பரமக்குடி வரைதான் நான்குவழிச் சாலை. பரமக்குடி–ராமநாதபுரம் பகுதியை அகலப்படுத்த 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரம் போகும் வண்டிகளால் அந்தச் சாலை என்ன பாடுபடும் என்பதை உச்சிப்புளிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் உங்கள் ஆசையைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் இரண்டு மாதத்துக்கு எந்த மூலைக்கு? அந்த நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பு எரிவது உங்கள் சம்பளத்தில். கணவரின் கடல் இங்கே இருப்பதால் குடும்பத்தோடு மதுரைக்குக் குடிபெயரவும் வழியில்லை. கூடுதல் பணம் உங்களுக்குக் கட்டாயம் தேவை. அதை எங்கே கேட்பது என்பதுதான் கேள்வி.

முதலில் மதுரையில் கேளுங்கள். ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குக்கு மாதம் 11ஆம் தேதி கெடு, வரி கட்டும் மூன்று-பி படிவத்துக்கு 20ஆம் தேதி. மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு இதுதான் நடைமுறை. இரண்டையும் தாக்கல் செய்வது இணையத்தில். அப்படியிருக்க, வாரத்துக்கு ஒரு நாள் நேரில் வருகிறேன், மற்ற நாட்கள் வீட்டிலிருந்து செய்கிறேன் என்று ஏன் கேட்கக்கூடாது? சம்மதித்தால் தயங்காமல் சேருங்கள். சம்பளத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்தாலும் சேருங்கள். அம்மாவின் மருந்துச் செலவு போகவும் கையில் நிற்கும். தினமும் நேரில் வந்தே ஆக வேண்டும் என்றால், அந்த 11ஐயும் 20ஐயும் ஒட்டிய நாட்களில் மாலை ஆறு மணிக்கு எழுந்துபோக விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கே நடக்காவிட்டால், மதுரைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜவுளிக் கடை முதலாளியிடம் போங்கள். தீபாவளி நெருங்கும் முன்பே போங்கள். கணக்குத் தெரிந்தவர் கடையை விட்டுப் போவதை அந்த நேரத்தில் எந்த முதலாளியும் விரும்பமாட்டார். 21,000 கேளுங்கள். அதற்கு மேல் தருவதாகச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அம்மாவின் மருந்துச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் பதில் சொல்லுங்கள்.